ஊருணியும் உடைமையும்: ஜம்னாலால் பஜாஜ் கண்ட உழைப்பும் வெற்றியும்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரை)



கவிதைக்கென்று கூடும் வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் ஒரு வணிகரைப் பற்றிய உரை எதற்கு என்னும் வினா எழுவது இயல்பு. தமிழ் இலக்கியம் அவ்வினாவுக்கு முன்பே விடை கூறியிருக்கிறது. தமிழின் முதற் காப்பியம் ஒரு வணிகர் குடியின் கதை. மகனும் மருமகளும் மாண்ட செய்தி கேட்ட மாசாத்துவான் தன் பெருஞ்செல்வத்தை அறத்துக்கு ஈந்துவிட்டுத் துறவு பூண்டதையும் அக்காப்பியமே கூறுகிறது. மணிமேகலையைப் பாடிய சாத்தனாரை மரபு கூலவாணிகர் என்றே வழங்குகிறது. தானியம் அளந்த கைதான் அமுதசுரபியையும் பாடியது. ஆகவே பொருளைப் பற்றிய பேச்சு புலவர் அவைக்குப் புறம்பானதன்று.

இவ்வுரைக்கு எடுத்துக்கொண்ட செய்தி இந்த மலையடிவாரத்திலேயே நிகழ்ந்தது. செங்கம் சாலையில், தட்சிணாமூர்த்தி கோயிலுக்கும் பலாக்கொத்துக்கும் அருகே அமைந்த ரமணாசிரமத்தின் பழைய கூடத்தில், 1938ஆம் ஆண்டு ஆகஸ்டு நடுவில், வடநாட்டிலிருந்து வந்த விருந்தினர் சிலர் அமர்ந்திருந்தனர். அவருள் ஒருவர் பாபு இராஜேந்திர பிரசாத். பின்னாளில் இந்தியக் குடியரசின் முதல் தலைவரானவர். உடல்நலம் குன்றியிருந்த அவரைச் சில நாள் அமைதி தேடித் திருவண்ணாமலைக்குச் செல்லுமாறு காந்தியடிகள் கூறியிருந்தார். மற்றொருவர் வார்தா நகரத்துப் பெருவணிகர் சேட் ஜம்னாலால் பஜாஜ். அந்நாளில் காங்கிரஸ் பேரியக்கத்தின் பொருளாளர்.

இராஜேந்திர பிரசாத் பெரும்பாலும் பேசாது அமர்ந்திருந்தார். வினாக்களைத் தொடுத்தவர் வணிகர். அவ்வினாக்களும் விடைகளும் முனகால வேங்கடராமையா குறித்து வைத்த உரையாடல் தொகுப்பில் இடம்பெற்றுள்ளன. செல்வமும் செல்வாக்கும் நிறைந்த ஒருவர் கோவணம் தரித்த ஒரு துறவியிடம் என்ன கேட்டார்? வணிகம் பெருக வழி கேட்கவில்லை. நோய் தீர மருந்து கேட்கவில்லை. நல்லறிவை நழுவவிடாமல் காப்பது எப்படி என்று கேட்டார். விடுதலையை விரும்புவது சரிதானா என்று கேட்டார். நெடும் போராட்டத்துக்குப் பின் வெற்றி கிடைத்தால் மகிழலாகாதா என்று கேட்டார். உழைப்பு, வெற்றி, சமுதாயம் என்னும் மூன்றையும் ஒரு செல்வர் எவ்வாறு கண்டார் என்பதற்கு இவ்வினாக்களைக் காட்டிலும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

இரண்டு கடிதங்கள்

வினாக்களை ஆராயும் முன், வினவியவரும் விடை தந்தவரும் வந்த வழியை நோக்குதல் நலம். இருவர் வாழ்வும் ஒவ்வொரு கடிதத்தில் திரும்பியவை.

மதுரையில் பள்ளி மாணவராயிருந்த வேங்கடராமன் 1896 ஆகஸ்டு இறுதியில், பதினாறாம் வயதில், ஒரு சிறு கடிதம் எழுதி வைத்துவிட்டு வீட்டை நீங்கினார். தம்மைத் தேடுவதற்காகப் பணம் செலவிட வேண்டா என்பது அக்கடிதத்தின் சாரம். கையொப்பம் இல்லை. செப்டம்பர் முதல் நாள் திருவண்ணாமலையை அடைந்து, அருணாசலேசுவரர் சன்னிதியில் நின்றபின், கையில் எஞ்சியிருந்த சில ரூபாய்களையும் தின்பண்டப் பொட்டலத்தையும் அய்யங்குளத்தில் எறிந்தார். அதன்பின் அவர் பணத்தைக் கையாளவேயில்லை.

ஜம்னாலால் 1889இல் இராஜஸ்தானத்தில் சீகருக்கு அருகே காசி கா பாஸ் என்னும் சிற்றூரில், செல்வமில்லாத குடும்பத்தில் பிறந்தவர். வார்தாவின் செல்வர் பச்ராஜ், அவரைச் சிறுவயதிலேயே தம் பேரனாகச் சுவீகாரம் எடுத்து வளர்த்தார். ஒரு திருமணத்துக்குச் செல்லும் வேளையில் நகை அணிய இளைஞர் மறுத்தார். பெரியவர் சினந்து, தம் செல்வத்தைச் சுட்டிக் கடுஞ்சொல் கூறினார். பதினேழு வயது ஜம்னாலால் முத்திரைத்தாளில் ஒரு கடிதம் எழுதினார். பெரியவரின் சொத்தில் தமக்கு எவ்வுரிமையும் இல்லை என்றும், உடுத்த துணியன்றி வேறொன்றும் கொண்டு செல்லவில்லை என்றும் எழுதிவிட்டு வெளியேறினார். சினம் தணிந்த பாட்டனார் அவரைத் தேடி அழைத்து வரச் செய்தார். சிறிது காலத்தில் பாட்டனார் மறைய, துறந்த சொத்தே மீண்டும் அவர் கைக்கு வந்தது.

இங்குதான் இரு வழிகள் பிரிகின்றன. ஒருவர் எறிந்த காசு குளத்தில் கிடந்தது. மற்றவர் எறிந்த செல்வம் திரும்பி வந்து அவர் மடியில் அமர்ந்தது. துறந்தது திரும்பி வந்தால் என் செய்வது? ஜம்னாலாலின் எஞ்சிய வாழ்வு முழுவதும் இந்த ஒரு வினாவுக்கு விடை தேடிய முயற்சி என்று கூறினால் மிகையாகாது. உரிமையை ஒருமுறை எழுத்தில் விட்டுவிட்ட சொத்து இனித் தமதாக முடியாது. அது பொதுப்பணிக்குரியது என்று அவர் கருதினார். அதே நேரத்தில் அதைத் தூக்கி எறியவும் இல்லை. பருத்தி வணிகத்தைப் பெருக்கினார். 1931இல் உத்தரப்பிரதேசப் பகுதியின் கோலா கோகர்ணநாத்தில் சர்க்கரை ஆலை கண்டார். பின்னர் இரும்புத் தொழிலிலும் இறங்கினார்.

ஐந்தாவது மகன்

1920ஆம் ஆண்டு நாகபுரிக் காங்கிரஸ் மாநாட்டின்போது ஜம்னாலால் காந்தியடிகளிடம் ஒரு விசித்திரமான வரம் கேட்டார். அடிகளுக்கு நான்கு புதல்வர்கள். தம்மை ஐந்தாவது மகனாக ஏற்றுக்கொள்ள வேண்டும் என்றார். பொதுவாக ஏழைப் பிள்ளையைச் செல்வர் சுவீகாரம் எடுப்பர். ஜம்னாலாலுக்கே அப்படித்தான் நேர்ந்தது. இம்முறை செல்வர் ஒருவர், சொத்தே இல்லாத ஒருவரைத் தந்தையாகத் தத்தெடுத்துக்கொண்டார். எதைப் பெறும் நோக்கில்? அத்தந்தையிடம் வாரிசுரிமையாகக் கிடைக்கக்கூடியது சிறைவாசம் ஒன்றுதான். அதையும் அவர் பெற்றார். 1923இல் நாகபுரிக் கொடிப் போராட்டத்தில் சிறை சென்றார்; அதன்பின் பலமுறை சென்றார்.

அரசு வழங்கிய ராவ்பகதூர் வகைப் பட்டங்களுள் ஒன்றான ராய்பகதூர் பட்டம் அவரிடம் இருந்தது. 1921இல் அதைத் திருப்பிக் கொடுத்தார். ஒத்துழையாமை இயக்கத்தில் தொழிலைத் துறந்த வழக்கறிஞர்களின் குடும்பங்கள் வாட, அவர்களுக்கென ஓர் இலட்சம் ரூபாய் அளித்தார். மனைவியார் ஜானகி தேவி பொன்னகைகளைத் துறந்தார், முக்காட்டை விட்டார், அந்நியத் துணிகளைத் தீயிலிட்டார். 1921இல் வினோபா பாவே வார்தாவுக்கு வந்து ஆசிரமம் நடத்தியதும், 1934இல் காந்தியடிகள் வார்தாவைத் தம் இருப்பிடமாக்கிக்கொண்டதும், 1936இல் சேகாம் என்னும் சிற்றூரில் குடியேறி அதனைச் சேவாகிராமம் ஆக்கியதும் ஜம்னாலால் இருந்ததனால்தான். அந்நிலமும் அவருடையது.

1920 முதல் 1942இல் மறையும் வரை அவர் காங்கிரஸின் பொருளாளர். 1925இல் தோன்றிய அகில பாரத சர்க்கா சங்கத்துக்கும் அவரே பொருளாளர். அச்சங்கத்தின் பெரும் நிலையங்களுள் ஒன்றாக நம் திருப்பூர் விளங்கியது என்பதை இங்கு நினைவுகூரலாம். பொருளாளர் என்னும் சொல்லை ஆழ்ந்து நோக்க வேண்டும். பொருளை ஆள்பவர் பொருளாளர். பொருளுக்கு ஆளாகிவிட்டவரை அப்பெயரால் அழைக்க இயலாது. பிறர் பணத்துக்குக் கணக்குக் காட்டும் அப்பதவியைத் தம் சொந்தப் பணத்தின் மீதும் வகித்தவர் ஜம்னாலால். 1942இல் அவர் மறைந்தபோது காந்தியடிகள் எழுதிய குறிப்பு இதற்குச் சான்று. செல்வர்கள் தம் செல்வத்துக்குத் தருமகர்த்தராக இருக்க வேண்டும் என்று தாம் எழுதிய போதெல்லாம் தம் மனக்கண்முன் நின்றவர் இந்த வணிகரே என்பது அதன் கருத்து.

ஈகையும் ஒப்புரவும்

தருமகர்த்தா என்பது தமிழகத்தில் அனைவரும் அறிந்த பதவி. கோயிலின் நிலமும் நகையும் அவர் பொறுப்பில் இருக்கும். ஆயினும் ஒரு கழஞ்சுப் பொன்னும் அவருடையதன்று. ஈட்டியதில் ஒரு பகுதி நம்முடையதன்று என்னும் எண்ணமும் இங்கு புதிதன்று. நகரத்தாரும் நாடார் பெருமக்களும் வணிகத்தில் மகமை என்று ஒரு பங்கைத் தனியே எடுத்து வைத்தனர். அருணாசலேசுவரர் கோயிலில் நகரத்தார் திருப்பணியைக் காணாத கண் இல்லை. விருதுநகரில் 1889இல் தோன்றிய சத்திரிய வித்தியாசாலை மகமையாலும், வீடுதோறும் அடுப்பேற்றும் முன் எடுத்து வைத்த பிடி அரிசியாலும் வளர்ந்தது. ஜம்னாலால் பிறந்ததும் அதே ஆண்டில்தான். பின்னாளில் டாக்டர் அழகப்பச் செட்டியார் காரைக்குடியில் மின்வேதியியல் ஆய்வுக்கூடம் அமைய 300 ஏக்கர் நிலமும் 15 இலட்சம் ரூபாயும் அளித்ததும் இம்மரபின் தொடர்ச்சியே.

வள்ளுவர் இப்பொருளில் ஒரு நுட்பமான வேறுபாட்டைக் காட்டுகிறார். ஒப்புரவறிதல் ஓர் அதிகாரம். அதனை அடுத்து ஈகை ஓர் அதிகாரம். இரண்டும் கொடுப்பதைப் பற்றியவைதாமே, ஏன் இரண்டு? ஈகையில் இரப்பவன் ஒருவன் நிற்கிறான். கொடுப்பவன் ஒருவன் நிற்கிறான். கை உயர்ந்தும் கை தாழ்ந்தும் இருக்கின்றன. ஒப்புரவில் இரப்பவனே இல்லை. அங்கு வள்ளுவர் காட்டும் உவமைகள் ஊருணியும், ஊர் நடுவே பழுத்த மரமும், மருந்து மரமும் ஆகும். ஊருணியில் நீர் மொள்ளும் பெண் யாரிடமும் கையேந்துவதில்லை. நன்றி கூறுவதும் இல்லை. குடத்தை நிறைத்துக்கொண்டு நிமிர்ந்து நடக்கிறாள். வள்ளலுக்குப் புகழ் உண்டு. ஊருணிக்குப் புகழ் இல்லை, பயன் மட்டும் உண்டு. ஜம்னாலாலின் நோக்கு வள்ளன்மையன்று, ஒப்புரவு. இவ்வேறுபாட்டை மனத்தில் கொண்டால் அவர் வாழ்வின் பல செயல்கள் விளங்கும்.

ஆயினும் ஊருணி என்னும் உவமையில் கசப்பான வரலாறும் கலந்திருக்கிறது. ஊர் உண்ணும் நீர் என்று பெயர் வைத்த ஊரே, அந்நீரைச் சேரிக்கு மறுத்தது. கரையில் நின்று, யாரேனும் மனமிரங்கி ஊற்றுவாரா என்று குடத்துடன் காத்திருந்தவர்கள் தலைமுறை தலைமுறையாக உண்டு. அவர்களைப் பொறுத்தவரை ஊருணியும் ஈகையாகவே சுருங்கிற்று. ஜம்னாலால் இதை உணர்ந்தார். தம் கிணறுகளை எல்லோருக்கும் திறந்தார். 1928 ஜூலையில், தம் குடும்பத்தார் வார்தாவில் எழுப்பிய இலட்சுமி நாராயணர் கோயிலைத் தீண்டாதார் என ஒதுக்கப்பட்டோருக்குத் திறந்துவிட்டார். வைக்கம் வீதிகளுக்கான போராட்டம் 1924, 1925ஆம் ஆண்டுகளில் நடந்தது. மதுரை மீனாட்சியம்மன் கோயிலில் வைத்தியநாத ஐயர் ஆலயப் பிரவேசம் நடத்தியது 1939 ஜூலையில். இவ்விரண்டுக்கும் நடுவே நின்றது வார்தாவின் அந்நிகழ்ச்சி. மார்வாரி வணிகச் சமூகத்தின் சினத்துக்கு அவர் ஆளானார். செல்வர்க்குப் பணம் கொடுப்பது அத்துணைக் கடினமன்று. சாதியாரின் மதிப்பைக் கொடுப்பதே கடினம். அதையும் அவர் கொடுத்தார்.

பழைய கூடத்தில் எழுந்த வினாக்கள்

இத்தகைய ஒருவர்தாம் 1938இல் இங்கு வந்தார். அந்த ஜூன் மாதத்தில்தான் அவருக்கு ராகுல் என்னும் பேரன் பிறந்திருந்தான். வெளியிலிருந்து நோக்குவோர்க்கு நிறைவான வாழ்வு. உள்ளே நிறைவு இல்லை. காந்தியடிகளுக்கு எழுதிய கடிதங்களில் தம் மனத்தின் தடுமாற்றங்களையும் பலவீனங்களையும் அவர் மறைத்ததில்லை. கணக்குப் புத்தகத்தில் வரவையும் செலவையும் எழுதுவது போலவே நாட்குறிப்பில் தம் குறைகளை எழுதியவர் அவர். ஆகவே நல்லறிவை நழுவவிடாமல் காப்பது எப்படி என்ற முதல் வினா உபசாரத்துக்காகக் கேட்கப்பட்டதன்று. வெளியே எல்லாம் பெற்றும் உள்ளே ஒன்றைப் பெறாதவரின் வினா அது.

பகவான் ரமணர் வணிகத்தை விட்டுவிடுமாறு கூறவில்லை. அறிவு எல்லா உயிர்க்கும் உண்டு. மனிதன் அதைக் கொண்டு விருப்பங்களை நிறைவேற்றிக்கொள்ள முயன்று நிறைவின்றியே நிற்கிறான். அவ்வறிவு எங்கிருந்து எழுகிறதோ அம்மூலத்தை நாட வேண்டும் என்னும் கருத்தை விளக்கினார்.

அடுத்து விடுதலை வேட்கை சரிதானா என்பது வினா. அவ்வேட்கை தன்னலத்தில் தொடங்கலாம். ஆயினும் அதற்காகச் செய்யும் பணி மனிதனின் நோக்கை விரிக்கும். விரிந்து விரிந்து தனிமனிதன் நாட்டோடு கலந்துவிடுவான். அக்கலப்பு விரும்பத்தக்கது என்பது விடையின் சாரம். உழைப்பைப் பற்றிய அரிய உண்மை ஒன்று இங்குக் கிடைக்கிறது. தூய நோக்கம் தோன்றும் வரை காத்திருந்து பிறகு பணியைத் தொடங்குவது என்றால் யாரும் எதையும் தொடங்க மாட்டார். நோக்கத்தைத் தூய்மை செய்யும் ஆற்றல் பணிக்கே உண்டு. கவிஞர்க்கும் இது பொருந்தும். புகழ் வேண்டிப் பேனாவை எடுத்தவன், எழுதி எழுதி, ஒருநாள் புகழை மறந்து சொல்லில் கரைவது உண்டல்லவா?

மூன்றாவது வினாவில்தான் வணிகரின் உள்ளம் முழுமையாக வெளிப்பட்டது. நீண்ட போராட்டத்துக்கும் பெரும் தியாகத்துக்கும் பின் சுயராஜ்யம் கிடைத்தால், உழைத்தவன் அவ்வெற்றியில் மகிழ்ந்து பெருமிதம் கொள்வது தகாதா? மிகவும் மனிதத்தன்மையுள்ள வினா. விதைத்தவன் கதிரைக் கண்டு மகிழலாகாதா என்பது போன்றது. ரமணரின் விடை கனிவானது, ஆனால் விட்டுக்கொடுக்காதது. பணி செய்யும்போதே தன்னை ஒரு மேலான ஆற்றலிடம் ஒப்படைத்திருந்தால், வெற்றியில் தருக்குவதற்கு அங்கு யார் இருப்பார்? பயனைப் பற்றிய கவலையும் அவனுக்கு இராது என்னும் கருத்தில் அவ்விடை அமைந்தது.

அவ்விடையைச் சொல்லும் தகுதி அவருக்கு இருந்தது. வேலை செய்யாத துறவியாக அவர் இருந்ததில்லை. விடியுமுன் எழுந்து ஆசிரமச் சமையற்கட்டில் காய் நறுக்குவார், துவையல் அரைப்பார், இலை தைப்பார், புத்தகங்களுக்கு அட்டை கட்டுவார், கைத்தடி செதுக்குவார். கீரைத் தண்டையும் வீணாக்க விடமாட்டார். பந்தியில் தமக்கென ஒரு கரண்டி அதிகம் விழுந்தாலும் ஏற்கமாட்டார். ஈட்டாத ஒருவர் இத்துணைச் சிக்கனமாகவும், தமக்கென ஒன்றும் வேண்டாத ஒருவர் இத்துணை உழைப்போடும் இருந்ததைக் கண்ட வணிகர் வியந்திருப்பாரெனில் அதில் வியப்பில்லை. உழைப்பு என்பது ஊதியத்துக்கு விலையாகக் கொடுப்பது அன்று என்னும் பாடத்தைச் சொல்லால் கேட்பதைக் காட்டிலும் அச்சமையற்கட்டில் பார்ப்பது எளிது.

அதே ஆகஸ்டில், அதே தமிழகத்தில்

இவ்வளவில் நிறுத்தினால் உரை புகழுரையாகிவிடும். ஜம்னாலாலுக்கும் அது பிடித்திராது. எனவே மறுபக்கமும் கூறப்பட வேண்டும்.

அவர் இந்தியைத் தேசிய மொழியாகக் கருதி, தென்னாட்டில் அதைப் பரப்ப உளமார உழைத்தவர். 1929இல் இராஜாஜியுடன் அதற்காகச் சுற்றுப்பயணமும் செய்தவர். 1938இல் இராஜாஜியின் அமைச்சரவை பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கியது. ஜூனில் மறியல் மூண்டது. ஆகஸ்டு முதல் நாள் திருச்சியிலிருந்து தமிழர் பெரும்படை புறப்பட்டுச் சென்னை நோக்கிக் கால்நடையாக நடந்தது. பழைய கூடத்தில் ஜம்னாலால் நல்லறிவைப் பற்றி வினவிக்கொண்டிருந்த நாள்களில் அப்படை தமிழகத்துச் சாலைகளில் நடந்துகொண்டிருந்தது. 1939இல் நடராசனும் தாளமுத்துவும் சிறைவாசத்தில் நோயுற்று உயிர் நீத்தனர். 1940 பிப்ரவரியில் கட்டாயம் நீக்கப்பட்டது.

ஜம்னாலாலின் நோக்கம் தீயதன்று. நாட்டின் ஒருமையே அவர் வேண்டியது. ஆயினும் ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். ஒருவருக்கு எது நன்மை என்பதை அவரைக் கேளாமலே முடிவு செய்யும் நல்லெண்ணம், நல்லெண்ணமாகவே இருந்தாலும், கேட்பவர் காதில் ஆணையாக ஒலிக்கும். தருமகர்த்தர் என்னும் கோட்பாட்டின் நலிந்த இடமும் இதுவே. சொத்து யாருக்காகவோ அவர் வாய் திறக்க அங்கு இடமில்லை. ஆலைத் தொழிலாளி தன் ஊதியத்தை முதலாளியின் மனச்சான்றிலிருந்து எதிர்பார்க்க வேண்டுமா, சட்டத்திலிருந்தும் சங்கத்திலிருந்தும் உரிமையாகப் பெற வேண்டுமா? ஊருணிக்கு நீர் வரும் வாய்க்கால் ஒருவர் தோட்டத்தின் வழியே மட்டும் வந்தால், அவர் நல்லவராயிருக்கும் வரைதான் ஊருக்குத் தண்ணீர். அவர் மகனும் பேரனும் நல்லவராயிருப்பர் என்பதற்கு உறுதி யார்?

இவ்வினாவை ஜம்னாலாலின் சொந்த நிலத்திலிருந்தே எழுப்பியவர் ஒரு தமிழர். தஞ்சையில் பிறந்த ஜே. சி. குமரப்பா, 1934இல் தோன்றிய அகில இந்திய கிராமக் கைத்தொழில் சங்கத்தை வார்தாவின் மகன்வாடியில் இருந்து நடத்தினார். அத்தோட்டம் ஜம்னாலால் கொடுத்தது. பேராலைகளில் செல்வம் ஓரிடத்தில் குவிவதே வன்முறையின் வித்து என்பது குமரப்பாவின் உறுதியான கருத்து. ஆலைச் சர்க்கரைக்கு மாறாக வெல்லத்தையும் பனைவெல்லத்தையும் அச்சங்கம் பரப்பியது. சர்க்கரை ஆலை முதலாளியின் தோட்டத்தில் இருந்துகொண்டே ஆலைச் சர்க்கரைக்கு எதிராகப் பேச முடிந்தது, தோட்டம் பறிக்கப்படவில்லை. குமரப்பாவின் நேர்மைக்கு மட்டுமன்றி, இடம் கொடுத்தவரின் பெருமைக்கும் இது சான்று. தன்னை மறுப்பவனுக்கும் இடமளிக்கும் செல்வமே ஒப்புரவான செல்வம். அச்சீரிய பண்பை மொழிப் பிரச்சினையிலும் வடநாட்டுத் தலைவர்கள் காட்டியிருந்தால் வரலாறு சற்று வேறாக இருந்திருக்கும்.

கோபுரியின் குடிசை

திருவண்ணாமலையிலிருந்து திரும்பிய ஜம்னாலாலின் வாழ்வு எளிதாகிவிடவில்லை. ஜெய்ப்பூர் பிரஜா மண்டலத்தின் தலைவராக மக்களாட்சி உரிமைக்குப் போராடி, தடையை மீறி 1939இல் அச்சமஸ்தானத்தில் நுழைந்து சிறைப்பட்டார். தனிநபர் சத்தியாக்கிரகத்தில் மீண்டும் சிறை. உடல் தளர்ந்தது. 1941இல் டேராடூனில் ஆனந்தமயி அன்னையிடம் சென்று அமைதி பெற்றார். பிறகு பதவிகளைக் காட்டிலும் பசுக்களின் பணியே போதும் என்று, வார்தாவுக்கு அருகே கோபுரியில் ஒரு குடிசையில் தங்கினார். 1942 பிப்ரவரி 11ஆம் நாள் மறைந்தார். வயது 52.

இரமணாசிரமத்தில் பசு இலட்சுமியின் சமாதியைக் காண்பவர் பலர். 1948இல் அப்பசு மறைந்தபோது பகவான் அதனருகே அமர்ந்திருந்தார். பெரும் ஆலைகளுக்கு உரியவர் தம் இறுதி நாள்களில் பசுக்களின் நடுவே தேடியது என்ன என்பதை அச்சமாதியின் அருகே நிற்பவர் ஓரளவு உணரலாம்.

இப்போது அந்த மூன்றாவது வினாவை மறுபடியும் நினைக்க வேண்டும். நெடுங்காலம் பாடுபட்டுச் சுயராஜ்யம் கிடைத்தால் மகிழலாகாதா என்று கேட்டவர், அச்சுயராஜ்யத்தைக் காணவேயில்லை. ஐந்தரை ஆண்டுகள் முன்னதாகவே போய்விட்டார். மகிழ்வது தகுமா தகாதா என்னும் ஆராய்ச்சிக்கே அவருக்கு இடமில்லாது போயிற்று. ஆனால் அந்த வெற்றி கிட்டவில்லையே என்று அவர் வாழ்வைத் தோல்வி எனக் கூறுவார் யார்? பயனை எண்ணாது பணி செய் என்ற விடை, 1938இல் ஒரு தத்துவம் போல் ஒலித்திருக்கலாம். 1942இல் அது அவர் வாழ்வின் நேர் வருணனையாக நின்றது.

இன்று ஆசிரம வாசலில் வரிசையாய் நிற்கும் ஆட்டோக்கள் பலவற்றின் நெற்றியில் அவருடைய குடும்பப் பெயர் எழுதியிருக்கிறது. அந்த வாகன நிறுவனம் 1945இல், அவர் மறைந்த பின் தோன்றியது. 1938இல் பிறந்த அப்பேரன் ராகுல் பஜாஜ் அதனை உலகறியச் செய்து 2022இல் மறைந்தார். பௌர்ணமி இரவில் கிரிவலம் முடித்துக் கால் ஓய்ந்து அதில் ஏறும் அன்பருக்கு, அப்பெயருடைய முதல்வர் ஒருவர் இதே வாசலில் இறங்கி, வெற்றியைப் பற்றி ஒரு வினா கேட்டுச் சென்றார் என்பது தெரியாது. தெரிய வேண்டும் என்று அவரும் விரும்பியிருக்க மாட்டார். ஊருணிக்குப் பெயர்ப்பலகை தேவையில்லை.

அவையோரே, வட்டத்துக்குப் பத்து ஆண்டுகள் நிறைந்தன. மாதந்தோறும் கூடிக் கவிதை படிப்பதால் என்ன வெற்றி கண்டீர்கள் என்று உறவினரும் அண்டை வீட்டாரும் கேட்காத உறுப்பினர் இங்கு இருக்க முடியாது. அவ்வினாவுக்கு நாணித் தலைகுனிய வேண்டுவதில்லை. பணியே நோக்கத்தைத் தூய்மை செய்யும் என்பதும், கேட்பவர்க்கும் பேச இடம் கொடுக்காத நன்மை முழு நன்மையாகாது என்பதும், பெற்றதைத் தனதென்று எண்ணாதவனுக்கே பெருக்கும் தகுதி உண்டு என்பதும் ஒரு வணிகர் வாழ்விலிருந்து கிடைக்கும் பாடங்கள். செல்வர்க்குப் பணம் எப்படியோ, புலவர்க்குச் சொல் அப்படி. அதுவும் ஊரார் பல தலைமுறையாக நிறைத்து வைத்த ஊருணி நீர்தான். மொண்டவர்கள் தூர் வாரிவிட்டுப் போக வேண்டும். அடுத்து வருவோர்க்குத் தண்ணீர் வேண்டும்.

வட்டம் வளர்க.